கால் ராத்தல் வித்தியாசம்

"உருண்டையெல்லாம் எங்க போச்சு, தைலம்மா?"

செஞ்சிப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு வேர்க்கடலை உருண்டை பிடித்துக் கொடுக்கும் தைலம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

கேட்டவர் வாசுபூஜ்யன். மதராஸில் புள்ளியியல் படித்தவர். ஆராய்ச்சி அவருடையது. அறுபது பிள்ளைகளுக்குச் சீட்டுக் குலுக்கி, முப்பது பேருக்கு மட்டும் தினம் ஓர் உருண்டை கொடுக்கச் சொல்லியிருந்தார். பந்தியில் ஓரவஞ்சனை கூடாது என்பார்கள். ஆராய்ச்சிக்கு அதுதான் வேண்டியிருக்கிறது.

ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கமும் சராசரி எடை பார்ப்பது. வித்தியாசம் தெரிந்தால் உருண்டை தாலுகா முழுக்க வரும். தெரியாவிட்டால் இங்கேயும் நின்றுபோகும்.

நேற்று எடை போட்டார்கள். உருண்டைக்காரர்கள் சராசரியாக மூன்றரை ராத்தல் ஏறியிருந்தார்கள். மற்றவர்கள் மூன்றேகால்.

காலையிலிருந்து வர்க்கமூலமெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டார். சீட்டு வேறு மாதிரி விழுந்திருந்தாலும் வரக்கூடிய கால் ராத்தல் அது. வெறும் தற்செயல்.

"ரெண்டு பக்கமும் போன வருஷத்தைவிட ஏறித்தானே இருக்குது?" என்றார் தலைமையாசிரியர் அரங்கநாதன்.

"மழை நல்ல மழை சார். வீட்டுல சோறு கிடைச்சிருக்கும். உருண்டை தின்னிருந்தா இந்தப் பக்கம் இன்னும் ஏறியிருக்கணும்."

ஆறு மாத உழைப்பு ஒருத்தியின் மடியில் போய்விட்டதே என்றிருந்தது வாசுபூஜ்யனுக்கு.

"உன் கண்ணு முன்னாலதான் திங்கணும்னு சொன்னேனே. தின்னாங்களா?"

"வாயில வெச்சாங்க சார்."

"நீ வீட்டுக்கு எடுத்துக்கினு போனியா?"

"இல்ல சார்."

"அப்போ எங்க போச்சு?"

தைலம்மாள் தரையைப் பார்த்தாள். மௌனம் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் வாசுபூஜ்யன்.

"பசங்க வயித்துல அடிச்சிருக்கே. நாளைலேர்ந்து வேலைக்கு வர வேணாம்."

அவள் வெளியே போனாள். அறிக்கையில் அவள் பெயரை எழுதப் பேனாவைத் திறந்தார்.

வாசலில் ஒரு சிறுமி நின்றாள். மூன்றாம் வகுப்பு ராஜமதி. சீட்டு விழுந்த முப்பதில் ஒருத்தி. அழுதிருந்தாள்.

"சார், தைலம்மாக்காவ நிறுத்திடாதீங்க. எங்க மேலதான் தப்பு."

"என்ன தப்பு?"

"நாகு எம்பக்கத்துலதான் குந்துவா சார். அவளுக்குச் சீட்டு விழல. நான் திங்கறப்ப பாத்துக்கினே இருப்பா. அதான் பாதி குடுத்தேன்."

"ஒரு நாளா?"

"தெனமுந்தான் சார்."

"நீ மட்டுமா?"

"முப்பது பேருந்தான். ஆளுக்கு ஒரு ஜோடி. தைலம்மாக்கா பாத்துடுச்சி. யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினோம்."

வாசுபூஜ்யன் தாளைப் பார்த்தார். மூன்றரை, மூன்றேகால். உருண்டை இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகப் போயிருக்கிறது. அவருக்கு வெட்கமாக இருந்தது. தைலம்மாளைக் கூப்பிட வேண்டும் என்று சடாரென்று எழுந்தார்.

அவர் எதற்குக் கோபப்படுகிறார் என்று புரிந்துவிட்டவளைப்போல ராஜமதி அவசரமாகச் சொன்னாள்:

"எச்சி பண்ணிக் குடுக்கல சார். பாவாடைல மூடி, காக்காக் கடிதான் கடிச்சேன்."