பாரீசுக்கு ஒரு படம்

பாரீசிலிருக்கும் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் படம் கேட்டு எழுதியிருந்தார்கள். லாஸ்பேட்டைத் தெருவிலேயே ஜூம் கேமரா வைத்திருக்கும் ஒரே மனிதரான, பெண்ணின் அப்பா கோவிந்தராசு, ஈரம் ஏறாமலிருக்க அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்த அதை அன்று காலை வெளியே எடுத்தார்.

"ஜன்னலைச் சாத்து. உப்புக் காத்து பட்டா லென்ஸுல பூஞ்சை பிடிச்சிடும்."

மனைவி தில்லையம்மாள் சாத்தினாள். "பட்டுப்புடவையில பொண்ணுக்கு வேர்த்து வழியுதுங்க."

"வேர்வை கேமராவுல படாம பாத்துக்கச் சொல்லு."

லென்ஸை ஊதினார், பஞ்சால் துடைத்தார், மறுபடியும் ஊதினார். பொத்தானை அழுத்தியதும் ஜூம் விர்ரென்று முழு நீளத்துக்கு நீண்டது.

"வாங்கி ரெண்டு வருஷமாச்சு. இன்னைக்காவது வெளிய வந்துச்சே," என்றாள் தில்லையம்மாள்.

"பாரீஸ் சம்பந்தம்னா சும்மாவா? புனிதா, நேரா நில்லும்மா. மூச்சு விடாத."

புனிதா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கோவிந்தராசு கேமராவை அவள் கையில் கொடுத்து, கண்ணை ஒட்டித் தூக்கிப் பிடிக்க வைத்துவிட்டு, ஒதுங்கி நின்றார்.

"ம், எடுப்பா," என்றார், சைக்கிளில் வரவழைத்திருந்த ஸ்டுடியோக்காரரிடம். "ஜூம் முழுசா விழணும்."

தில்லையம்மாள் திகைத்தாள். "ஏங்க, இதுலயே எடுத்திருக்கலாமே?"

"இதுலயே எடுத்தா இது எப்படிடி படத்துல விழும்?"

அடுத்த மாதம் பாரீசிலிருந்து பதில் வந்தது.

'கேமரா எங்கள் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. பெண்ணின் படம் இருந்தால் அனுப்பவும்.'