இன்னொரு புள்ளி

வயிற்றுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன வீராயிக்கு, வீட்டு ஆளை ஒரு வார்த்தை கேட்காமல் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் அவள் போய்ச் சேர்ந்தாள். வக்கீலம்மா மனுப்போட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வாங்கிய காகிதங்களில் ஒன்று, ஆபரேஷனுக்குப் புருஷன் கொடுத்த சம்மதம். மேலே வீராயி பெயர். அடியில் சாய்வாக, சடையாண்டி என்று ஒரு கையெழுத்து. அதன் கீழே ஒரு கோடு, இரண்டு புள்ளி. யார் கையோ, அழகான கை.

"நான் போடலம்மா. எனக்குக் கைநாட்டுதான்," என்றார் சடையாண்டி.

"அதுதாங்கய்யா நம்ம கேஸே. கோர்ட்டுல அதைச் சொன்னாப் போதும்." வக்கீலம்மா இரண்டு பெயரையும் தொட்டுக் காட்டி, ஒரு நகலை அவரிடம் கொடுத்தார்.

ரேஷன் கார்டில் வீராயி பெயரை எடுத்தாயிற்று. இரண்டு பேர் பெயரும் சேர்ந்திருக்கிற காகிதம் அந்த வீட்டில் இது ஒன்றுதான். பேச ஆளில்லாத சாயங்காலங்களில் அதை மடியில் விரித்து, கைநாட்டு வைக்கிற பெருவிரலாலேயே எழுத்தின் மேல் மெல்லப் போவார். முதலில் அவள் பெயர், பிறகு தன் பெயர். கோடு. புள்ளி, புள்ளி. பிறகு காகிதம் இல்லாமலே தரையில், தொடையில், சாப்பிட்ட தட்டில். இப்படி எட்டு மாதம்.

விசாரணையன்று அவர் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று அதில் இருந்தது. "ஆமாங்க," என்றார். ஸ்டாம்ப் பேடை நகர்த்தினார்கள். பெருவிரலை அழுத்தமாக ஊன்றினார். ஆஸ்பத்திரி வக்கீல் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, மை காயாத அந்த விரல், ரேகைக்கு அடியில் தானாக ஒரு கோடு இழுத்தது. ஒரு புள்ளி வைத்தது. இன்னொன்றுக்குத் தூக்கிய விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது.