குரல் போன நாள்

“உங்கம்மாவை எவன் அழ வெச்சான்? பேரைச் சொல்லு!”

கண்டக்டர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. டிப்போவில் அவருக்குக் ‘குக்கர்’ என்று பட்டப்பெயர். குக்கராவது மூன்று விசில் பொறுக்கும். இவர் ஒன்றுக்கே பொங்கிவிடுவார்.

மனைவி ஈரத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண்கள் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன.

“தெரியலப்பா,” என்றாள் மகள். “மூணு மணிக்கே கம்பெனி வண்டியில கொண்டுவந்து விட்டுட்டாங்க. ‘மேனேஜரோட பெரிய சத்தம், பத்திரமா பார்த்துக்கோம்மா’ன்னு மட்டும் சொல்லிட்டு வண்டிக்காரர் ஓடிட்டாரு. அம்மா குளிச்சிட்டு வந்து உக்காந்தவங்கதான், ஒரு வார்த்தை பேசல.”

“பாதி நாள்ல வீட்டுக்கு அனுப்பிட்டானா? அப்போ வேலையை விட்டே தூக்கிட்டான்! பதினோரு வருஷம்டி! இவ தைச்ச சட்டையில ஒண்ணுகூட குறைன்னு திரும்பி வந்ததில்ல. டிப்போவில நான் எத்தனை பேர்கிட்ட சொல்லிச் சொல்லி மாய்ஞ்சிருக்கேன் தெரியுமா?”

மனைவி வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. இரண்டு கைகளையும் வேகமாக ஆட்டினாள். பிறகு மகளின் நோட்டை இழுத்து எழுதத் தொடங்கினாள்.

“பாரு, வாயைத் திறக்கவே பயப்படுற அளவுக்கு மிரட்டி வெச்சிருக்கான்! கல்யாணமான நாள்லேருந்து ஒரு எறும்பைக்கூட அதட்டாதவ. இவளைப் போய் ஒருத்தன்...”

“அப்பா, கொஞ்சம் பொறுங்க! அம்மா என்ன எழுதுறாங்கன்னு பாருங்க. நீங்க பாட்டுக்குப் போய் எதையாவது பண்ணினா, போகாத வேலையும் போயிடும்!”

முதல் வரி முடிவதற்குள் அவர் பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டார்.

தையல் கம்பெனி வாசலில் பெண்கள் கூட்டம் கூட்டமாக நின்றிருந்தார்கள். எல்லாரும் வேடிக்கை பார்த்தவர்கள்தானே என்று அவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. நடுவில் நின்ற மேனேஜரின் சட்டையை எட்டிப் பிடித்து உலுக்கினார். பட்டன் ஒன்று தெறித்து விழுந்தது.

“என் பொண்டாட்டி பேச்சு மூச்சில்லாம உக்காந்திருக்காய்யா! இத்தனை பேர் முன்னாடி ஒரு பொம்பளையைப் பார்த்துக் கத்த உனக்கு எவ்வளவு தைரியம்?”

“ஐயோ, விடுங்கண்ணே!” பெண்கள் ஓடிவந்து கையைப் பிடித்தார்கள். “அவரு ஒண்ணும் பண்ணலண்ணே!”

“நீங்க சும்மா இருங்கம்மா, உங்க வேலை போயிடும்னு பேசுறீங்க!”

மேனேஜர் திமிறவில்லை. தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்.

“வேணும்னா ரெண்டு அடிகூடப் போடுங்க சார், வாங்கிக்கிறேன். தப்பு என்னோடதுதான். ஆனா கத்தினது நான் இல்ல. உங்க வீட்டம்மா.”

“அவளா? எதுக்கு?”

“சொல்றேன் சார். அவங்க வேலை ஒண்ணும் போகல. தொண்டை சரியாகுற வரைக்கும் பேசக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு, அதான் வண்டி வெச்சு அனுப்பினோம்.”

கண்டக்டரின் பிடி தானாகத் தளர்ந்தது.

“உள்ளே துணிக்கட்டுல தீ பிடிச்சு ஹால் முழுக்கப் புகை சார். பின்கதவை நான் பூட்டி வெச்சிருந்தேன், சாவி எங்கேன்னு தெரியாம முழிச்சேன். என்னைப் பார்த்து அவங்க போட்ட ஒரு சத்தத்துல கம்பியை எடுத்துப் பூட்டை உடைச்சேன். அப்புறமும் அவங்க வெளியே வரல. அந்தப் புகைக்குள்ளேயே நின்னு ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. நூத்தி எண்பது பேரும் உசுரோட வெளியே வந்தப்புறம்தான் சார் அந்தக் குரல் நின்னுச்சு.”