வெள்ளையாக விட்ட இடம்

"என்னடி இது?"

ஓவிய டீச்சர் அறிவுச்செல்வி போட்ட சத்தத்தில் எட்டாம் வகுப்பே அடங்கிப்போனது.

எதிரே இருப்பவரைப் பார்த்து முகம் வரைய வேண்டும். அதுதான் அன்றைய பாடம். ஜீவிதாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் பேச்சாயி. அய்யலூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. கண்ணைச் சுற்றியும் உதட்டோரத்திலும் வெண்புள்ளி படர்ந்த முகம்.

ஜீவிதா முகம் முழுக்கப் பென்சிலால் நிழல் கொடுத்து, அந்த இடங்களை மட்டும் வெள்ளையாக விட்டிருந்தாள். ஓரத்து வளைவுகூடப் பிசகவில்லை.

"கூடப் படிக்கிற பிள்ளையக் கேலி பண்றியா?"

"இல்ல டீச்சர். கண்ணுக்குத் தெரியிறத வரையச் சொன்னீங்க..."

"அதுக்குன்னு? ஆண்டு விழாவுக்கு வராந்தா பூரா இதையெல்லாம் மாட்டப் போறோம். ஊரே பாக்கும். அந்தப் பிள்ளை மனசு என்ன பாடுபடும்? பென்சிலை எடு. தீட்டி மூடு அதை!"

ஜீவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு பென்சிலை எடுத்தாள்.

பேச்சாயி சட்டென்று தாளின் மேல் கையை வைத்து மறைத்தாள். "வேணாம் டீச்சர்."

"நீ சங்கடப்படாதம்மா. நான் பாத்துக்கிறேன்."

"சங்கடமில்ல டீச்சர். போன வாரம் நம்ம கிளாஸ் அன்புக்கரசி என்னைய வரைஞ்சா. புள்ளி ஒண்ணுகூடப் போடல. ஆசையா வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்கம்மா, 'யாருடி இந்தப் பிள்ளை?'ன்னு கேட்டுச்சு."

பின் பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள். பேச்சாயியும் சிரித்தாள்.

"ஸ்டுடியோவுல போட்டோ எடுக்கப் போனாக்கூட பவுடரை அப்பிவிடுறாங்க. எங்கிட்டப் பேசுற எல்லாரும் வேற எங்கயாச்சும் பாத்துக்கிட்டுத்தான் பேசுறாங்க. பாத்தா நான் வருத்தப்படுவேனாம். முக்கா மணி நேரம் என் மூஞ்சிய நேருக்கு நேரா பாத்தது இவ ஒருத்திதான். இதையே மாட்டுங்க டீச்சர். எங்கம்மாவக் கூட்டிட்டு வாரேன்."

அறிவுச்செல்விக்கு அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு நேரமும் தானும் ஜன்னல் கம்பியைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தார்.

மேஜையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பேச்சாயிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"செத்த நேரம் அசையாம இரு தாயி. நீ வந்து ஆறு மாசமாச்சு, நான் இன்னும் உன்னையப் பாக்கவே இல்ல."