ஜெர்மனி போய் வந்தவர்

“ஏர்போர்ட்ட வுட்டு வெளிய வந்ததும் மொதல்ல நான் கவனிச்சது இன்னா தெரியுமா? ஒருத்தன்கூட ஹாரன் அடிக்கல” என்றார் தனசேகரன். புதூர்நாட்டு விதைச் சங்கக் கட்டடத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் வாயைப் பிளந்தார்கள்.

தனசேகரன் ஆலங்காயத்துக்காரர். மலையில் விதைத் திட்டம் நடத்தும் தொண்டு நிறுவனத்தின் அதிகாரி. எட்டாம் வகுப்பில் ஏதோ ஒரு புத்தகத்தில் ஜெர்மனி ரயிலின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து அந்த நாட்டுக்காக ஏங்கியவர், நாற்பத்தொன்பதாவது வயதில் ஆபீஸ் வேலையாக ஐந்து நாள் போய்த் திரும்பியிருந்தார்.

“ரயிலு ரெண்டு நிமிசம் லேட்டு. அதுக்கு மைக்ல மன்னிப்பு கேக்கறான். ரோட்டுல ஒரு குப்பை கெடையாது. நாய்கூட டிக்கெட் வாங்கிக்கினு சீட்டுக்கு அடியில கம்முனு படுத்துக்குது. நீங்க இன்னாடான்னா மீட்டிங்லகூட கம்முனு ஒக்கார மாட்டேன்றீங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நாய்க்கும் கீழே தங்களை இறக்கிவிட்டார் என்பது ஒரு சிலருக்குத்தான் உறைத்தது.

அம்மாக்கண்ணுவுக்கு உறைத்தது. ஆனாலும் ஒரு சொல் விடாமல் கேட்டாள். அந்த ரயிலில் போயிருக்க வேண்டியவள் அவள்தான்.

ஏழு வகைச் சாமை விதைகளை இருபது வருடமாக அழியவிடாமல் வைத்திருக்கிறவள் என்று, அங்கே நடந்த விதைத் திருவிழாவுக்கு அவள் பெயருக்குத்தான் அழைப்பு வந்தது. துணைக்கு ஒரு ஆள் வரலாம் என்றும் போட்டிருந்தது. ஜன்னல் ஓரத்து சீட்டு தனக்குத்தான் என்று புருஷன் ரங்கனிடம் அப்போதே சொல்லிவைத்துவிட்டாள்.

பிறகு ஒருநாள் தனசேகரன் அவளைத் தன் ஆபீசுக்கு வரச்சொன்னார். தினமும் காலையில் ஆபீஸ் ஆட்கள் விரல் வைத்துவிட்டு உள்ளே போகிற மிஷினில் அவளையும் வைக்கச் சொன்னார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“களை வெட்டி வெட்டி உன் ரேகையே தேஞ்சி போச்சும்மா. ரேகை விழலன்னா விசா குடுக்க மாட்டான். வேற வழியில்ல, நானே போய்ட்டு வர்றேன்” என்று உச்சுக்கொட்டினார்.

ரேஷன் கடை மிஷினிலும் அவள் விரல் லேசில் விழாது; புடவையில் நாலு தரம் தேய்த்துத் தேய்த்து வைக்க வேண்டும். அதனால் நம்பிவிட்டாள். வீடு வந்து சேருகிற வரைக்கும் ஜீப்பில் தன் விரல் நுனிகளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தனசேகரன் செல்போனைச் சுற்றுக்கு விட்டார். ஒவ்வொரு படத்திலும் அவர் வேட்டி கட்டி, தலையில் துண்டை முண்டாசாகச் சுற்றியிருந்தார்.

“இன்னா சார், எங்காளு மாதிரியே கீறீங்க?” என்று ரங்கன் சிரித்தான்.

“குளிருய்யா. காதை அறுத்துடும். அதெல்லாம் உங்களுக்கு எங்க தெரியப்போவுது?”

அம்மாக்கண்ணு படத்தை உற்றுப் பார்த்தாள். சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் அத்தனை பேரும் அரைக்கைச் சட்டையில் இருந்தார்கள். அவர்களுக்குக் குளிர் பழகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலில் ஜீப் வந்து நின்றது. இறங்கியது ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியும், மொழிபெயர்க்க வந்திருந்த கணியம்பாடி சரிதாவும்.

“ரோடு அறுந்துபோச்சு, மலைக்கு வராதீங்கன்னு போன்ல சொன்னீங்களே சார்? நல்லாத்தானே இருக்குது” என்றாள் சரிதா. “இவங்கதான் ஹன்னா மேடம். அந்த விதைத் திருவிழாவ நடத்தினவங்க. நேர்ல பார்த்தே ஆவணும்னு சொல்லிட்டாங்க.”

தனசேகரன், “வெளிய போய் டீ குடிச்சிக்கினே பேசலாமே” என்று கதவுப்பக்கம் நகர்ந்தார். ஹன்னா பழைய சிநேகிதரைப் பார்த்ததுபோல் அவருக்குக் கைகூப்பிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து, “அம்மா... கண்ணு?” என்றாள்.

அத்தனை பேரின் விரல்களும் ஒரே பக்கம் நீண்டன.

ஹன்னா ஜமுக்காளத்திலேயே மண்டியிட்டு அம்மாக்கண்ணுவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். படபடவென்று ஏதோ பேசினாள். கண் கலங்கியிருந்தது.

சரிதா சொன்னாள்: “பிளேன்னா உங்களுக்குப் பயம், அதான் வரமாட்டேன்னு சொல்லிட்டீங்கன்னு கேள்விப்பட்டு ரொம்ப வருத்தப்பட்டாங்களாம்மா.”

அம்மாக்கண்ணு மெதுவாகத் திரும்பித் தனசேகரனைப் பார்த்தாள். அவர் அணைந்துபோன செல்போனில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

“ஆனா, உங்க வூட்டுக்காரர் உங்க விதையோட மேடையேறி, உங்களப் பத்திப் பேசினப்ப அங்க எல்லாருமே அழுதுட்டாங்களாம்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரங்கன் குழம்பிப்போய் எழுந்து நின்றான்.

“நான் ஆலங்காயம் தாண்டி எங்கியும் போனதில்லீங்களே.”