நகலிடம் ஒருநாள் லீவு

கோவில்பட்டி செண்பகவல்லி டீச்சர் முதுகலைப் பட்டத்துக்கு ஆன்லைனில் சேர்ந்தார். படித்ததென்னவோ கணினியில் அவர் உருவாக்கி வைத்திருந்த அவருடைய நகல். முகமும் குரலும் அச்சு அசலாக அவரேதான். டீச்சர் அடுப்படியில் குழம்பு தாளிக்கும்போது, நகல் திரையில் உட்கார்ந்து, பள்ளிக்கூடங்களுக்கு வகுப்பறைத் தொழில்நுட்பத்தைத் திட்டமிடுவது எப்படி என்று பாடம் கேட்டுக்கொண்டிருக்கும். கட்டுரை தாமதமானால் பேராசிரியரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதை மட்டும் டீச்சர் கற்றுக்கொடுத்திருந்தார்.

"காய்ச்சல்னு சொல்லு. லேசா இருமிக்கோ."

படிப்பின் கடைசியில், அவரவர் வேலை பார்க்கும் பள்ளிக்கே ஒரு திட்டம் தீட்டித் தரச் சொன்னார்கள். நகல் தீட்டியது. டீச்சர் படித்துப் பார்க்காமலே அனுப்பிவைத்தார். பட்டம் வந்தது. பள்ளியில் சால்வை போட்டார்கள். நிர்வாகம் பூரித்துப்போய் அந்தத் திட்டத்தை அப்படியே நடைமுறைப்படுத்தியது. அதன்படி, பாடவேளையும் ஆசிரியர்களின் விடுப்பும் இனிமேல் சுவர்த்திரையில் இருக்கும் கணினி அதிகாரியின் பொறுப்பு. படித்தவருக்குத்தானே பதவி? நகலுக்கே கொடுத்தார்கள்.

அடுத்த வாரமே மதுரையில் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு வந்தது. டீச்சர் நெற்றியில் தைலத்தைத் தடவிக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்றார். தன் முகத்தையே மேடம் என்று கூப்பிட நாக்கு கூசியது. ஆனாலும் காரியம் ஆக வேண்டுமே!

"மேடம், நாளைக்கு ஒருநாள் லீவு வேணும். நேத்துலருந்து காய்ச்சல்."

சொல்லிவிட்டு லேசாக இருமினார்.

நகல் அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"இருமல் எடுபடல டீச்சர். நான் இருமுனப்ப பேராசிரியர் வெந்நி குடிக்கச் சொல்லி உருகிப்போயிட்டாரு. நீங்க போய் ஒன்பதாம் வகுப்பப் பாருங்க."