ஊதாக் கடல்

செண்பகாவின் கணினி அவளிடம் அனுமதி கேட்பதை நிறுத்திச் சில நாள் ஆயிற்று. ‘வேண்டாம்’ என்ற பொத்தானையே எடுத்துவிட்டார்கள். மக்கள் அதைத் தவறாகப் பயன்படுத்தினார்களாம். மவுஸ் ஓய்ந்த மறுநொடி புதுப்பதிப்பு தானாக வந்து இறங்கும். நாம் செய்து வைத்திருப்பதையெல்லாம் அன்போடு திருத்தியும் கொடுக்கும்.

செண்பகா மூன்று வருடமாக அதில் ஒரு கடல் வரைந்துகொண்டிருந்தாள். ஊதா நிறக் கடல். கடல் அப்படி இருக்காது என்பது புதுப்பதிப்பின் கருத்து.

அதனால் மவுஸைக் குழந்தையின் தூளியோடு சேர்த்துக் கட்டிவிட்டாள். தூளி ஆட ஆட, மவுஸ் மேசையில் மெல்ல ஊர்ந்தது. திரையில் அலை புரண்டது. குழந்தை தூங்கியது, அவளும் பாதித் தூக்கத்தில் கயிற்றை இழுத்தபடி ஊதாவில் மிதந்தாள்.

குழந்தை சிணுங்கியதும் மாடிவீட்டு கோகிலா அக்கா வந்து தூக்கிக்கொண்டாள். செண்பகாவின் கை மட்டும் நிற்கவில்லை.

“ஏண்டி வெறுந்தூளிய ஆட்டுற? புள்ளைக்கு வயித்துவலி வரும்டி!”

“அய்யோ, புடிக்காதீங்கக்கா, கடல் போயிடும்!”

“கடல் எங்கடி போவும்?” என்று அக்கா தூளியை இறுக்கிப் பிடித்தாள்.

மவுஸ் நின்றது. திரை ஒருமுறை இருண்டு வெளுத்தது.

கடல் நீலமாகியிருந்தது. ஓரத்தில் ஒரு தென்னைமரத்தை இலவசமாகச் சேர்த்திருந்தார்கள்.

“இப்பதான்டி கடல் மாதிரி இருக்கு” என்றாள் அக்கா, மனதார.

செண்பகா குழந்தையை வாங்கித் தூளியில் போட்டு, கண்களை மூடிக்கொண்டு ஆட்டினாள். இமைக்குள் கடல் இன்னும் ஊதாவாகவே இருந்தது. அவள் கண்ணைத் திறப்பதாக இல்லை.